பலகைகளும் ஆணிகளும்: நம் தோல் நகரங்களில் பேலட் மரத்தின் கதை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாக வந்த ஆடு ஒன்று இறந்து கிடந்தது. அவ்வழியே சென்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாதா என்று வினவினார்கள். அது தானாகச் செத்த பிராணி ஆயிற்றே என்று தோழர்கள் தயங்கினர். அதை உண்பதுதான் விலக்கப்பட்டுள்ளது என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. பதனிடப்பட்ட தோல் தூய்மை அடைந்துவிடும் என்னும் சட்டமும் இதனோடு சேர்த்தே அறிவிக்கப்படுகிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், மேல்விஷாரம் எனப் பாலாற்றுப் படுகையில் வாழும் நமக்கு இந்த நபிமொழி நம் பிழைப்பின் வரலாறாகவும் இருக்கிறது. இறைச்சிக்காக அறுக்கப்பட்ட ஆடு மாடுகளின் எஞ்சிய தோலை வீணாக்காமல் எடுத்து, சுண்ணாம்பிலும் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பொருளாக்கிய கைகளே இவ்வூர்களின் பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் கல்லூரிகளையும் எழுப்பின. வாணியம்பாடியின் இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலும், ஆம்பூரை அடுத்த உமராபாத்தின் ஜாமிஆ தாருஸ்ஸலாம் 1924-இலும் தோன்றின. தோல் வணிகர்களின் கொடை இல்லாமல் இந்த நிறுவனங்களின் வரலாற்றை எழுத இயலாது.

மற்றவர் கழித்ததை மதிப்புள்ளதாக மாற்றுவது இவ்வாறு நமக்குப் பழகிய தொழில். இன்று அதே ஊர்களின் தொழிற்சாலை வாயில்களில் வேறொரு கழிவுப் பொருள் குவிகிறது. சரக்கு மூட்டைகளையும் அட்டைப் பெட்டிகளையும் தாங்கி வந்து, பணி முடிந்ததும் அடுப்புக்கோ செங்கல் சூளைக்கோ போகும் பலகைத் தட்டு அது. ‘பேலட்’ என்று தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் அழைக்கப்படும் இந்த மரம் எங்கிருந்து வந்தது, அதைக் கொண்டு நம் வீட்டை அணிசெய்வதில் ஆகுமானது எது, ஆகாதது எது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சிப்பத்திலிருந்து பேலட்டுக்கு

நம் பாட்டனார் காலத்தில் பேலட் கிடையாது. பட்டை கொண்டு பதனிட்ட தோல்கள் சிப்பங்களாகக் கட்டப்பட்டு, மதராஸ் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றன. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைவீரர்களின் காலணிகளுக்கு மதராஸ் மாகாணத்துத் தோல் பெருமளவில் பயன்பட்டது. சிப்பத்தைக் கூலித் தொழிலாளர் முதுகில் சுமந்தனர். அதற்கு மனிதத் தோளும் மாட்டுவண்டியும் போதுமானவையாக இருந்தன.

கடல்களுக்கு அப்பால் அப்போதே மாற்றம் தொடங்கியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சரக்கைத் தூக்கும் ‘ஃபோர்க்லிஃப்ட்’ வண்டி உருவாயிற்று. அதன் இரும்புக் கரங்கள் நுழைவதற்குச் சரக்கின் அடியில் இடைவெளி தேவைப்பட்டது. அந்த இடைவெளியைத் தந்ததே பேலட். ஒரு ரயில் பெட்டியில் அடைத்துவந்த 13,000 உணவு டப்பாப் பெட்டிகளைக் கையால் இறக்க மூன்று நாள்கள் ஆயின என்றும், அதே சரக்குப் பலகைத் தட்டுகளில் வந்தபோது நான்கு மணி நேரம் போதுமானதாக இருந்தது என்றும் 1931-இல் அமெரிக்க ரயில்வே இதழ் ஒன்று பதிவுசெய்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை உலகெங்கும் தளவாடங்களை அனுப்ப இம்முறையையே நம்பியது. போர் முடிந்ததும் ஆஸ்திரேலியாவில் விட்டுச் செல்லப்பட்ட கருவிகளையும் பேலட்டுகளையும் கொண்டு அந்நாட்டு அரசு ஒரு பொதுத் தொகுப்பை ஏற்படுத்தியது. அதிலிருந்து வளர்ந்ததே, நீல வண்ணம் பூசிய பேலட்டுகளை இன்று உலகெங்கும் வாடகைக்கு விடும் ‘செப்’ நிறுவனம். ஐரோப்பிய ரயில்வேக்கள் 1961-இல் தமக்குள் ஒரே அளவை வகுத்துக்கொண்டன. 800 மில்லிமீட்டர் அகலம், 1,200 மில்லிமீட்டர் நீளம், 11 பலகைகள், 9 கட்டைகள், 78 ஆணிகள் என்பது அந்த அளவு.

நம் நகரங்களுக்கு இந்தத் தட்டு வந்து சேர்ந்ததற்கு ஓர் அரசுக் கொள்கையும் காரணம். 1972-இல் சீதாராமையா குழு, பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஏற்றுமதி செய்ய ஊக்கமளிக்குமாறு பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வந்தன. சிப்பம் கட்டிய ஊர்கள் காலணி தைக்கும் ஊர்களாக மாறின. ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் பல்லாயிரம் பெண்களுக்கு வேலை கிடைத்தது. காலணி அட்டைப் பெட்டியில் அடங்கியது. அட்டைப் பெட்டிகள் கன்டெய்னரில் அடுக்கப்பட்டன. பதனிடுவதற்கான இரசாயன மூட்டைகளும், வெளிநாட்டிலிருந்து வரும் நீலம் பாய்ந்த ஈரத் தோல்களும், இயந்திர உதிரிகளும் பேலட்டின் மேல் வந்திறங்கின. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, குடியாத்தம் வேலூரிலும் ஆம்பூர் திருப்பத்தூரிலும் அமைந்தன. ஆயினும் சரக்கு செல்லும் சாலைக்கு இந்த எல்லைகள் ஒரு பொருட்டல்ல.

குடியாத்தத்தின் நிலை சற்றே வேறானது. கவுண்டன்ய ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூர் கைத்தறி லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பீடிக்கும் பெயர்பெற்றது. இவை பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் கைகளால் நடந்த தொழில்கள். மெல்லிய மரத்தைச் சீவிக் குச்சியாக்கி, குச்சியையும் வீணாக்காமல் எண்ணி அடுக்கிய மக்களுக்கு மரத்தின் அருமை தெரியும்.

ஒரு வண்டும் ஒரு முத்திரையும்

பேலட்டைக் கையில் எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் பக்கவாட்டில் சுட்டுப் பதித்த முத்திரையை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1996-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் நிழல்மரங்களைத் துளைக்கும் நீளக்கொம்பு வண்டு கண்டறியப்பட்டது. ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட அது, சரக்குப் பெட்டிகளின் மரத்தில் ஒளிந்து கடல் கடந்திருந்தது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரிக்க நேர்ந்தது. ஒரு நாட்டின் பெட்டிப் பலகை இன்னொரு நாட்டின் காட்டை அழிக்கக்கூடும் என்பதை உலகம் உணர்ந்தது. 2002-இல், பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் ‘ஐ.எஸ்.பி.எம். 15’ என்னும் விதி ஏற்கப்பட்டது. எல்லை கடக்கும் பொதி மரம், அதன் உட்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடங்கள் சூடாக்கப்பட வேண்டும். அல்லது மெத்தில் புரோமைடு வாயுவால் புகையூட்டப்பட வேண்டும்.

முத்திரையில் கோதுமைக் கதிர் போன்ற சின்னமும், நாட்டைக் குறிக்கும் ஈரெழுத்தும், உற்பத்தியாளரின் எண்ணும், சிகிச்சை முறையின் குறியும் இருக்கும். ‘எச்.டி.’ என்றால் வெப்பமூட்டியது, ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு ஊட்டியது. இரண்டாவது நச்சு வாயு. ஓசோன் படலத்தைச் சிதைப்பது என்பதால் 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கையின் வழியே உலக நாடுகள் அதன் பயன்பாட்டைக் குறைத்து வருகின்றன. அந்தக் குறியுள்ள மரத்தை வீட்டுக்குள் கொண்டுவராதிருப்பதே பேணுதல். முத்திரையே இல்லாத உள்நாட்டுப் பேலட்டுகளும் நம்மிடையே ஏராளம். ஏற்றுமதிக்குச் செல்லாத தட்டுக்கு முத்திரை கட்டாயமில்லை என்பதால் அதை மட்டும் வைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அது எதைச் சுமந்தது என்பதை விசாரித்தே தீர வேண்டும்.

நம் முன்னோர் மரத்தைக் கண்ட விதம்

நூஹ் (அலை) அவர்களின் கப்பலைத் திருமறையின் 54-ஆம் அத்தியாயம் பலகைகளாலும் ஆணிகளாலும் ஆனது என்றே குறிப்பிடுகிறது. பெரும் பிரளயத்திலிருந்து உயிர்களைக் காத்த மரக்கலத்தைப் பற்றிச் சொல்லும்போதும் அதன் எளிய மூலப்பொருள்களே முன்வைக்கப்படுகின்றன. ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று முஸ்லிம் தொகுப்பின் நபிமொழி கூறுகிறது. தச்சு வேலை இறைத்தூதர் ஒருவரின் தொழில் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

மதீனாவின் பள்ளிவாசலுக்குப் பேரீச்ச மரத் தண்டுகள் தூண்களாயின. அதன் மட்டைகள் கூரையாயின. நபியவர்களின் மிம்பரை, அன்சாரிப் பெண்மணி ஒருவரின் பணியாளரான தச்சர், ஊருக்கு வெளியே உள்ள ஃகாபா என்னும் தோப்பில் வெட்டிய அத்ல் மரத்தால் செய்தார் என்று ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். மூன்று படிகள் கொண்ட அந்த மிம்பர் விலையுயர்ந்த மரத்தால் ஆனதன்று. பக்கத்தில் விளைந்த மரத்தால் ஆனது.

வீட்டு அலங்காரத்தைப் பற்றியும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் பொறித்த திரைச்சீலை ஒன்றை வீட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். நபியவர்கள் அதை விரும்பவில்லை. அன்னையவர்கள் அந்தச் சீலையைத் தூக்கி எறியவில்லை. அதைக் கிழித்துத் தலையணைகளாக்கினார்கள். தவறான இடத்தில் இருந்த பொருள் உரிய பயனுக்கு மாற்றப்பட்டது. இல்லத்தை அழகுபடுத்துவதற்கும் வீண்விரயத்தைத் தவிர்ப்பதற்கும் இடையே எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இதனினும் அழகிய முன்மாதிரி வேண்டுமோ?

பின்னர் வந்த நூற்றாண்டுகளிலும் இந்தப் பண்பு தொடர்ந்தது. எகிப்தில் நல்ல மரம் கிடைப்பது அரிது. ஆகவே அங்குள்ள தச்சர்கள் சிறுசிறு துண்டுகளைக் கோத்து நட்சத்திர வடிவங்களையும், கடைந்த குமிழ்களைச் சேர்த்துச் சன்னல் தடுப்புகளையும் உருவாக்கினர். பெரிய பலகை இல்லாத குறையே ஒரு கலையை வளர்த்தது. 1284-85-இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் மருத்துவமனையும் மதரஸாவும் எழுப்பியபோது, அவ்விடத்தில் முன்பிருந்த ஃபாத்திமிய அரண்மனையின் செதுக்குப் பலகைகள் மீண்டும் பயன்படுத்தப்பட்டன. வேட்டைக்காரர்களும் இசைவாணர்களும் செதுக்கப்பட்ட முகப்பைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி அவற்றைப் பொருத்தினர். அப்பலகைகள் இன்று கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. எரித்திருந்தால் இன்று நம் கைக்கு எட்டியிருக்காது.

தமிழ் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. பழைய பொருள்களை வாங்கி விற்கும் இடத்தைச் சென்னையிலும் நம் வட்டாரத்திலும் ‘காயலான் கடை’ என்கிறோம். சென்னையில் இத்தொழிலை நடத்திய காயல்பட்டினத்து முஸ்லிம்களால் அப்பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கழிவிலிருந்து பயனைப் பிரித்தெடுக்கும் வேலைக்குத் தமிழில் வழங்கும் பெயரே நம் சமுதாயத்தவரை நினைவூட்டுகிறது.

ஆகுமானதும் ஆகாததும்

பேலட் மரத்தைக் கையாள்வதில் மூன்று செய்திகளை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, உடைமை. வாயிலில் கிடப்பதெல்லாம் கழிவு ஆகிவிடாது. வாடகைத் தொகுப்பைச் சேர்ந்த வண்ணப் பேலட்டுகளில் உரிமையாளரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அவை சரக்கோடு வந்தாலும் சரக்கோடு விற்கப்பட்டவை அல்ல. உரியவரிடம் திரும்ப வேண்டியவை. காவலாளிக்குச் சில ரூபாய் கொடுத்து அவற்றை எடுத்துச் செல்வதும், கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று தெரிந்தே வாங்குவதும் அமானிதத்துக்கு மாறானவை. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருமறை (4:58) கட்டளையிடுகிறது. அத்தகைய பலகையில் குர்ஆன் வைக்கும் தாங்கி செய்வதில் என்ன நன்மை இருக்க முடியும்? நிர்வாகத்தின் சம்மதத்துடன், கழித்துவிட்டதாக உறுதி செய்யப்பட்டதையே பெற வேண்டும்.

இரண்டாவது, நஞ்சு. தோல் மண்டலத்தில் வாழும் நமக்கு இது வெறும் எச்சரிக்கை அன்று. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவுநீரால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதென உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பில் குறிப்பிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில், மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை நாட்டின் சட்டமாக உறுதிப்பட்டது. தானும் துன்புறக் கூடாது, பிறரையும் துன்புறுத்தக் கூடாது என்னும் நபிமொழியின் பொருளும் அதுவே. குரோம் உப்பு, சோடியம் சல்பைடு, சாயம் போன்றவற்றின் மூட்டைகளைச் சுமந்த பேலட்டில் அவை சிந்தி ஊறியிருக்கலாம். கறையோ, கடுமையான வாடையோ, எண்ணெய்ப் பிசுக்கோ உள்ள பலகையைத் தொட வேண்டாம். கழுவினாலும் இழைத்தாலும் உள்ளே ஊறியது போய்விடும் என்று உறுதியாகக் கூற முடியாது. அதை அடுப்பில் எரிப்பதும் தீங்கே. புகை நம் வீட்டுப் பெண்களின் நெஞ்சுக்குள் செல்லும். அட்டைப் பெட்டி, துணி, காலணி போன்ற உலர்ந்த சரக்கைச் சுமந்த தட்டுகளே நமக்கு ஏற்றவை. குழந்தைகளின் தொட்டிலுக்கும் உணவு படும் பொருளுக்கும் வந்த வழி அறியாத மரத்தைப் பயன்படுத்தவே கூடாது.

மூன்றாவது, ஆணி. பேலட் ஆணிகள் பெரும்பாலும் முறுக்கிய உடலைக் கொண்டவை. பிடுங்கினால் பலகை பிளந்துவிடும். பலகைக்கும் கட்டைக்கும் இடையே ஆக்ஸா பிளேடைச் செலுத்தி ஆணியை அறுத்துவிடுவது நல்லது. அறுத்த துண்டுகளைப் பொறுக்கி எடுக்காமல் தெருவில் விடுவது பாவம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், தொல்லையைப் பாதையில் போடுவதை என்னவென்று சொல்வது?

வீட்டுக்குள் வரும் பலகை

பிரித்த பலகைகளை நிழலில் காற்றோட்டமாக அடுக்கிச் சில வாரங்கள் உலரவிட வேண்டும். பிறகு மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, இழைப்புளியாலும் உப்புத்தாளாலும் மெருகேற்றலாம். பைன் மரமாயின் இளமஞ்சள் நிறமும் அழகிய இரேகைகளும் வெளிப்படும். ரப்பர் மரம், தைல மரம், நாட்டு மரம் எனக் கலந்து வரும் பலகைகளில் நிறத்துக்கேற்பப் பிரித்து அடுக்கினாலே தனி அழகு பிறக்கும். வெப்பமூட்டிய முத்திரை இருப்பதால் கரையான் வராது என்று எண்ணிவிடலாகாது. அச்சிகிச்சை முன்பு இருந்த பூச்சியைக் கொன்றது, இனி வருவதைத் தடுக்காது. ஆகவே ஈரச் சுவரையும் தரையையும் நேரடியாகத் தொடாதவாறு பொருத்தி, எண்ணெயோ வார்னிஷோ பூசிவர வேண்டும்.

நம் வீடுகளுக்கு இதனால் ஆகக்கூடியவை பல. வாசலில் காலணி அடுக்கு, கூடத்தில் குர்ஆனுக்கும் நூல்களுக்குமான சுவர்த் தட்டு, ஒளூச் செய்யும் இடத்தில் அமரும் முக்காலி, மாடியில் செடித் தொட்டி, திண்ணையில் பெஞ்சு, எழுத்தணிக்குச் சட்டம். காலணித் தொழிற்சாலையில் கழிந்த தோல் துண்டை வாராக வெட்டி இழுப்பறைக்குக் கைப்பிடியாகவும் சட்டத்துக்குத் தொங்கலாகவும் பொருத்தினால், மரமும் தோலும் சேர்ந்த அந்தப் பொருளில் நம் ஊரின் அடையாளம் தெரியும். தட்டை மூன்று நான்கு இடங்களில் சுவரோடு திருகாணியால் இறுக்க வேண்டும்; குர்ஆனையும் கனமான தஃப்ஸீர் நூல்களையும் தாங்க ஓர் ஆணி போதாது.

இதில் வெறும் பொழுதுபோக்கைவிட மேலான ஒன்றும் இருக்கிறது. நம் சமுதாயத்தில் திருமணம் என்றாலே கட்டில், பீரோ, சோபா என்று பெண் வீட்டார் கடன்பட்டு அறைகலன் வாங்கித் தரும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மஹரைக் கொடுக்க வேண்டிய மார்க்கத்தில் சீரைக் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அந்தக் கடனில் வட்டியும் கலந்துவிடுகிறது. விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று கண்டிக்கும் திருமறை (17:27), உற்றாருக்கும் வறியோருக்கும் உரிய உரிமையைக் கொடுக்கச் சொல்லும் கட்டளையை அதற்கு முந்தைய வசனத்திலேயே வைத்திருக்கிறது. புதுமனை புகும் இளம் தம்பதியர் தம் கையாலேயே ஓர் அடுக்கும் ஒரு பெஞ்சும் செய்துகொண்டு குடும்பம் தொடங்கினால், அதைக் குறைவாகப் பேசாமல் பாராட்டும் மனம் நமக்கு வர வேண்டும். அப்படிப் பாராட்டும் மாமியார்களும் மாமனார்களும் ஒரு தெருவில் இருவர் இருந்தால் போதும், பல தகப்பன்மாரின் சுமை குறையும்.

தம் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை என்றும், தாவூத் (அலை) அவர்கள் அவ்வாறே உண்டார்கள் என்றும் நபியவர்கள் கூறினார்கள். தொழில் மந்தமான மாதங்களில் வேலை இழக்கும் இளைஞர்களுக்கு, உளியும் இரம்பமும் பழகுவது ஒரு கைத்தொழிலாகவும் அமையலாம். ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் விடுமுறை நாள்களில் பயிற்சி பெற்ற தச்சர் ஒருவரைக் கொண்டு பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கலாம். தொழிற்சாலை நடத்தும் சகோதரர்கள், இரசாயனம் சுமந்த பேலட்டுகளையும் உலர் சரக்கு சுமந்தவற்றையும் தொடக்கத்திலேயே பிரித்து வைத்து, தூயவற்றை மட்டும் வெளியே கொடுத்தால் அதுவும் ஒரு தர்மமே. எந்த மூட்டை எந்தத் தட்டில் இறங்கியது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் வேறு யாரும் இலர்.

இறந்த ஆட்டின் தோலை வீணாக்காதீர்கள் என்னும் அறிவுரையை ஏற்றதால் நம் ஊர்கள் செழித்தன. அந்தத் தோலைப் பதனிட்ட நீரைக் கவனியாது விட்டதால் நம் ஆறு நலிந்தது. பழைய மரத்தைக் கையில் எடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே நினைவில் வைப்போம். கிடைத்ததைப் பயன்படுத்தவும், பயன்படுத்தும்போது பிறருக்குத் தீங்கு செய்யாதிருக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.